மூச்சடக்கும் நெல்

நெல் தண்ணீரை நம்பி வாழும் பயிர். நாற்றங்காலில் முளைவிடுவது முதல் கதிர் பால் பிடிக்கும் வரை அதன் காலடியில் ஈரம் நிற்க வேண்டும். அதே தண்ணீர் தலைக்கு மேல் ஏறி ஒரு வாரம் நின்றுவிட்டால் பெரும்பாலான ரகங்கள் அழுகிப் போகும். ஐப்பசி அடைமழையில் வடிகால் அடைத்துக்கொள்ள, நட்ட பயிர் கண்ணெதிரே மூழ்குவதைப் பார்த்து நின்ற விவசாயிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சேற்று நீருக்கடியில் பயிர் என்ன பாடுபடுகிறது, சில ரகங்கள் மட்டும் எப்படிப் பிழைக்கின்றன என்பதை மரபணு ஆய்வு கடந்த முப்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி வருகிறது. காட்டக் காட்ட, கைகூப்பத்தான் தோன்றுகிறது.

ஆக்சிஜனும் கரியமில வாயுவும் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீருக்குள் பரவும். ஆகவே மூழ்கிய பயிருக்கு மூச்சு முட்டுகிறது. கலங்கல் நீர் வெயிலை மறைப்பதால் உணவு தயாரிப்பதும் தடைபடுகிறது.

இதற்கான முதல் காப்பு இலையின் மேலேயே இருக்கிறது. நெல் இலை ஒன்றைப் பறித்துத் தெளிந்த நீரில் அமிழ்த்திப் பாருங்கள். பச்சை மறைந்து வெள்ளியாக மின்னும். இலையை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம்தான் அப்படி மின்னுகிறது. இலைப் பரப்பில் உள்ள மெழுகுத் துகள்கள் நீரை ஒட்டவிடாமல் தள்ளி வைப்பதால் அந்தப் படலம் நிற்கிறது. சோப்பு நீரைத் தடவிவிட்டால் போய்விடும். மூழ்கிய இலை இந்தப் படலத்தின் வழியாகத்தான் கரியமில வாயுவை இழுத்துப் பகலில் கொஞ்சமேனும் உணவு தயாரிக்கிறது. தண்டுக்குள் இயல்பாகவே அமைந்த காற்றறைகள் ஆக்சிஜனை வேர் வரை இறக்கிவிடுகின்றன. இந்த மெழுகை ஆளும் மரபணு ஒன்றை 2018-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது பழுதான செடியில் படலம் நிலைப்பதில்லை. விரல் பட்டால் தெரியாத அந்த மெழுகுப் பூச்சில் ஒரு பயிரின் உயிர் தங்கியிருக்கிறது!

படலம் சில நாள்தான் தாங்கும். வெள்ளம் வடியாவிட்டால் செடி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மூழ்கியிருப்பதை அதற்கு அறிவிப்பது எத்திலீன், காயைக் கனியவைக்கும் அதே வாயு. நெல் அதை எந்நேரமும் சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கிறது. வெளியில் அது காற்றோடு கலந்துவிடும். நீரில் மூழ்கியதும் வெளியேற வழியின்றி உடலுக்குள்ளேயே தேங்குகிறது. கண்ணும் காதும் இல்லாத உயிருக்கு வெள்ளச் செய்தி இப்படித்தான் போய்ச் சேருகிறது.

இந்த ஒரே செய்திக்கு நெல்லினம் இரண்டு விடைகள் வைத்திருக்கிறது.

வங்கதேசத்துத் தாழ்நிலங்களில் வெள்ளம் மெல்ல ஏறும். மாதக் கணக்கில் நிற்கும். அங்குள்ள ஆழ்நீர் நெல் எத்திலீன் தேங்கியதும் வளரத் தொடங்குகிறது. ஒரே நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும்! உள்ளீடற்ற தண்டு காற்றுக் குழாயாக மாற, இலை நுனி நீர்மட்டத்துக்கு மேல் தலை காட்டுகிறது. இதற்குப் பொறுப்பான இரு மரபணுக்களை 2009-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 'ஸ்நார்கெல்' என்று பெயரிட்டார்கள். 2018-இல் இன்னொரு வியப்பு வெளிப்பட்டது. இந்த வேக வளர்ச்சியில் எஸ்.டி.1 என்ற மரபணுவுக்கும் பங்கு இருக்கிறது. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 குட்டை நெல் குட்டையாக நின்றது, இதே எஸ்.டி.1 அதில் செயலிழந்து போனதால்தான். ஓரிடத்தில் உறங்கிப் பசுமைப் புரட்சிக்கு வழிவிட்ட மரபணு, வேறோரிடத்தில் விழித்திருந்து வெள்ளத்தை வெல்கிறது.

ஒடிசாவின் கதை வேறு. அங்கே ஆறு திடீரென்று கரைபுரளும். பத்துப் பதினைந்து நாளில் வடிந்துவிடும். அந்த நிலையில் வளரத் துடிக்கும் செடி கையிருப்பு மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, நீர் வடியும்போது நிற்கத் தெம்பின்றிச் சாய்கிறது. அம்மாநில உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் அப்படிச் செய்வதில்லை. எத்திலீன் தேங்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. சேமிப்பைக் கரைத்துவிடாமல், சிக்கனமாக, நீருக்கடியில் இரண்டு வாரம் காத்திருக்கிறது.

இந்தப் பொறுமை ஒன்பதாவது குரோமோசோமில் ஓரிடத்தில் இருப்பதை ஆய்வாளர்கள் கெனாங் சூ, டேவிட் மெக்கில் இருவரும் 1996-இல் காட்டினார்கள். பமேலா ரொனால்டு உள்ளிட்டோருடன் இணைந்து 2006-இல் அந்த மரபணுவையே பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் சப்1ஏ. வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெல்லினுக்குக் கடிவாளம் போடுவதே அதன் வேலை. அத்தோடு அது ஓய்வதில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள், சேறு படிந்து துவண்ட இலைமீது வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, நைந்த வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் பயிர் காய்ந்துபோவது உண்டு. மூழ்கும்போது காத்த அதே மரபணு அந்த வறட்சியையும் தாங்கச் செய்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

எஃப்.ஆர்.13ஏ விளைச்சலில் குறைவு. அதன் குணத்தை நல்ல ரகங்களுக்கு ஏற்ற முன்பு நடந்த முயற்சிகளில், வெள்ளத்தைத் தாங்கியது நெல்; ஆனால் விளைச்சலும் அரிசியும் உழவருக்குப் பிடிக்கவில்லை. மரபணுவின் இருப்பிடம் தெரிந்தபின், அயல் மரபணு எதையும் புகுத்தாமல், மகரந்தச் சேர்க்கையாலேயே அந்த ஒரு துண்டை மட்டும் புகழ்பெற்ற 'சுவர்ணா' ரகத்தில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் சேர்த்தார்கள். சுவர்ணா-சப்1 2009-இல் இந்தியாவில் வெளியானது. ஒடிசா வயல்களில் நடந்த ஆய்வில், பத்து நாள் மூழ்கிய நிலத்தில் அது சுவர்ணாவைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத ஆண்டில் விளைச்சல் குறையவும் இல்லை. தண்ணீர் தேங்கும் பள்ள நிலங்கள் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூடுதலாக இருப்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. ஆகவே பயன் அவர்களுக்குக் கூடுதலாகச் சேரக்கூடும். நம் டெல்டாக்காரர்கள் 'பொன்மணி' என்று அழைக்கும் சி.ஆர்.1009 ரகத்திலும் இந்த மரபணு சேர்க்கப்பட்டு, சம்பா பட்டத்துக்கு வந்துவிட்டது.

எண்ணிப் பார்த்தால் மெய்சிலிர்க்கிறது. ஸ்நார்கெல், சப்1ஏ இரண்டும் ஒரே மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் எழுப்புவது ஒரே எத்திலீன். ஒன்று 'எழு' என்கிறது, மற்றது 'பொறு' என்கிறது. நின்று ஆடும் வெள்ளத்துக்கு எழுச்சியையும், வந்து போகும் வெள்ளத்துக்குப் பொறுமையையும் அந்தந்த மண்ணின் விதையில் வைத்துத் தந்த இறைவனின் அறிவுக்கு எல்லை ஏது? ஆய்வாளர்கள் எதையும் புதிதாகப் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைப் பணிவோடு தேடி, இன்னொரு விதைக்குக் கொண்டு சேர்த்தார்கள். அறிவியலின் பெருமையும் அதுவே.

வெள்ளத்தைப் பொறுக்கும் அந்த நாட்டு விதை நம் கைக்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளைச்சல் குறைவு என்று தெரிந்தும், பெயர் தெரியாத ஒடிசா உழவர்கள் அதை ஆண்டுதோறும் விதைத்துக் காத்தார்கள். உழவர்கள் இப்படிக் காத்தவை உட்பட, இன்று பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸ் விதை வங்கியில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகள் காக்கப்படுகின்றன. மழை பருவம் தவறிப் பெய்கிற காலம் இது. கடல்நீர் கழிமுகங்களில் ஏறுகிற காலம். நாளைய உப்புக்கும் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் விடை இந்த வகைகளில் ஏதோ ஒன்றில் இருக்கக்கூடும். எது என்று இன்றே நமக்குத் தெரியாது. ஆகவே ஒரு நாட்டு ரகத்தையும் 'உதவாதது' என்று கைவிட நமக்கு உரிமையில்லை. கையில் இருக்கும் விதையைக் காப்பதே படைப்புக்கு நாம் செய்யக்கூடிய வழிபாடு.