முதல் முட்டைக்கு முன்னால் எலும்பு தயாராக வேண்டும்

கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழிகள் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று மாதப் பெட்டைக்கே முட்டைக்கோழித் தீவனம் போட்டால் அது சீக்கிரம் முட்டையிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது கோழிக்கு ஆபத்து. ஏன்?

முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஓர் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கும். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு உருவாவதற்கே தேவை. இந்த வேலை பெரும்பாலும் கோழி தூங்கும் இரவில் நடக்கிறது. இரை தின்னாத நேரத்தில் கால்சியம் எங்கிருந்து வரும்?

ஒரு பகுதி எலும்பிலிருந்து வருகிறது. முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரங்களுக்கு முன், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் கால் எலும்புகளின் உட்குழியில் புதிய எலும்பு வளர்கிறது. இதுவே கோழியின் கால்சியச் சேமிப்பு.

முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு கால்சியம் உண்டு. வளரும் கோழிக்குச் சுமார் 1 விழுக்காடே போதும். மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். இது வாரக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகம் பழுதாகி, கோழி இறக்கவும் கூடும். முட்டையிடும் கோழிக்குக் கால்சியம் குறைந்தாலோ, ஓடு மெலியும், எலும்பும் வலுவிழக்கும்.

எப்போது தீவனத்தை மாற்றுவது? வயதை மட்டும் நம்பாதீர்கள். பண்ணைக்கோழி 18 முதல் 20 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். நாட்டுக்கோழிக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். வெளிறிய கொண்டை பெருத்துச் சிவந்து, நீங்கள் கிட்டே போகும்போது பெட்டை பதுங்கி உட்கார்ந்தால், முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது.

பெரிய கோழியும் சிறிய கோழியும் சேர்ந்து மேய்கின்றனவா? எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போடுங்கள். கால்சியத்தைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே தேடிவந்து கொத்தும்.

அந்தக் கால்சியத்துக்கு, நம் கடலோரத்தில் கிடைக்கும் கெராங் ஓடே போதும். அதைக் கழுவி, கொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, நொய்யரிசி அளவுக்கு இடியுங்கள். மாவாக்க வேண்டாம். தூள் விரைவில் குடலைக் கடந்துவிடும். துண்டுகளோ இரையை அரைக்கும் பையில் தங்கி, இரவில் மெல்லக் கரையும்.

ஒரு சிறு சோதனை: முட்டை ஓட்டையும் கெராங் ஓட்டையும் தனித்தனிக் குவளையில் வினிகரில் போடுங்கள். இரண்டிலும் கரியமிலவாயுக் குமிழ்கள் எழும். இரண்டும் ஒரே பொருளால் ஆனவை என்பதற்கு இது நல்ல அடையாளம்.