ஏல நிலம் வாங்குமுன் கிணற்று நீரைச் சோதியுங்கள்

கடன் பாக்கிக்காக வங்கிகள் ஏலம் விடும் நிலம் சுற்றுவட்டார விலையைவிடக் குறைவாகக் கிடைப்பதுண்டு. நகையை விற்றும் கைமாற்று வாங்கியும் சிறு விவசாயிகள் சிலர் இத்தகைய நிலத்தை எடுக்கின்றனர். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்கின்றனர். ஆனால் வில்லங்கச் சான்றில் நிலத்தின் மேலுள்ள கடன் தெரியுமே தவிர, நிலத்துக்குள் இருக்கும் உப்பு தெரியாது.

2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை ஏலம் விடலாம். விளைநிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆகவே இதன்கீழ் ஏலத்துக்கு வரும் காலி நிலம் பெரும்பாலும் ஏதேனும் தொழிலுக்காக அடமானம் வைத்ததாக இருக்கும். அங்கு முன்னர் என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களை விசாரிப்பது நலம். சாயப்பட்டறை, தோல் ஷாப்பு இருந்த இடமென்றால் எச்சரிக்கை தேவை.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு மூட்டை மூட்டையாகச் செலவாகும். அவ்வுப்பு கழிவு நீரோடு நிலத்தில் இறங்கும். நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது நம் விவசாயிகள் அறிந்ததே. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பட்டறை மூடினாலும் நிலத்தடி நீரில் சேர்ந்த உப்பு எளிதில் போகாது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவால் உப்போடு குரோமியமும் சேர்ந்துள்ளது.

கிணற்று நீர் தெளிவாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. சாய நிறம் மங்கிவிடும். உப்பு கண்ணுக்குத் தெரியாது. மழைக்குப் பின் மேல்மட்ட நீர் குடிக்கக்கூட நன்றாக இருக்கும், கோடையில்தான் சுயரூபம் தெரியும். ஆகவே மோட்டாரை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, அதே நீரால் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். மின்கடத்தும் திறன் 0.75 டெசிசைமனுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 2.25ஐத் தாண்டினால் சாதாரணப் பயிர்களுக்கு அந்நீர் ஆகாது. (பழைய மில்லிமோ கணக்கும் இதுவே.)

மண்ணை மேலாக மட்டும் எடுத்தால் போதாது. மூன்றடிக் குழி வெட்டி, அரையடி, ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களில் தனித்தனியே எடுத்து, வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். வழக்கமான சோதனையில் குரோமியம் பார்ப்பதில்லை. அதைத் தனியே கேட்க வேண்டும்.

இவ்வளவும் ஏலத்துக்கு முன்பே முடிய வேண்டும். 'உள்ளது உள்ளபடி' என்றே நிலம் விற்கப்படுகிறது. ஏலம் கிடைத்த அன்றோ மறு வேலை நாளிலோ, முன்பணம் உட்படக் கால் பங்குத் தொகை கட்ட வேண்டும். குறையைக் கண்டு மீதியைக் கட்டாமல் விட்டால் கட்டியதும் பறிபோகும். பார்வையிடும் தேதி அறிவிப்பிலேயே இருக்கும். மண்ணும் நீரும் எடுக்க வங்கி அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம்.

உப்பு இருந்தால் ஜிப்சம் போட்டுச் சரிசெய்யலாம் என்பர் சிலர். ஜிப்சம் களர் நிலத்துக்குத்தான் மருந்து. உவர் நிலத்தில் உப்பைக் கரைத்து வெளியேற்ற நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். கிணறே உப்பென்றால் அந்த நல்ல நீருக்கு வாய்க்கால் பாசனம் உண்டா என்று பார்க்க வேண்டும். குரோமியமோ இவ்விரண்டுக்கும் மசியாது. அத்தகைய நிலத்தை எந்த விலைக்கும் எடுக்காதிருப்பதே நலம்.