புதிய நாட்டுச் சந்தையும் எங்கள் அடுப்பும்

ஜேர்மனியில் குடியேறிய புதிதில் எமது குடும்பங்கள் பலவும் இரண்டு கடைகளுக்குப் போகின்றன. அரிசி, மிளகாய்த்தூள், பழப்புளி, மரக்கறி எல்லாவற்றுக்கும் தமிழ்க் கடை. பால், பாண், முட்டை வாங்க மட்டும் வீட்டுக்கு அருகிலுள்ள ஜேர்மன் கடை. இரண்டாவது கடையின் மரக்கறிப் பகுதியை நாம் பார்த்துவிட்டு விலகிப் போய்விடுகிறோம். பெயர் தெரியாது, சமைக்கும் விதமும் தெரியாது. ஆனால் விமானத்தில் வந்திறங்கும் முருங்கைக்காயையும் பாகற்காயையும் கிழமை முழுவதும் வாங்கிச் சமைக்கப் புதிதாக வந்த குடும்பத்தின் வருமானம் இடங்கொடாது. ஆகவே இந்த நாட்டுச் சந்தையை அறிந்துகொள்வது நாக்கு ருசிக்கான விடயம் மட்டுமல்ல.

"வேற்று நாட்டுச் சாப்பாடு எங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. எங்கள் கறிச்சட்டியையே சற்று எட்டிப் பார்ப்போம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, பப்பாசி ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக எம்மிடம் வந்து சேர்ந்தவை. கோவா என்று நாம் சொல்லும் பெயரே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. வந்தவற்றை நம் முன்னோர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. மரவள்ளிக் கிழங்கில் நஞ்சு உண்டு என்பதை அறிந்து, தோலை உரித்து, நடுவேரை நீக்கி, சட்டியைத் திறந்தபடி அவிக்கப் பழகினார்கள். பொருளோடு அதைப் பற்றிய அறிவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இன்று நாம் செய்யவேண்டியதும் அதுதான்.

மரக்கறித் தட்டில் நமக்குத் தெரிந்தவை

ஜேர்மன் கடைகளில் இலையோடு கட்டி வைத்திருக்கும் கோல்றாபி வேறொன்றுமல்ல, ஊரில் நாம் சமைத்த நோக்கோல்தான். பால்கறியாகவும் வைக்கலாம், தூள் போட்டும் காய்ச்சலாம். அதன் இளம் இலைகளைச் சிலர் கடையிலேயே பிடுங்கி எறிந்துவிட்டுப் போகிறார்கள். அவை தேங்காய்ப்பூப் போட்ட வறைக்கு நல்லவை. லௌக் அல்லது பொறே என்று எழுதியிருப்பது எங்கள் லீக்ஸ். குளிர்காலத்தில் வரும் சுருட்டை இலைக் கீரை கிறூன்கோல். ஜேர்மன்காரர் அதைக் கொழுப்பும் இறைச்சியும் சேர்த்து நீண்ட நேரம் வேகவைப்பார்கள். நாமோ மெல்லியதாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்து, பத்து நிமிடத்தில் வறையாக இறக்கிவிடலாம்.

மாவும் உரலும்

கோதுமை மாப் பைகளில் 405, 550, 1050 என்று இலக்கங்கள் இருக்கும். நூறு கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் கனிப்பொருட் சாம்பல் மிஞ்சும் என்பதையே அவை ஏறக்குறையக் குறிக்கின்றன. இலக்கம் குறையக் குறைய மா வெள்ளையாக இருக்கும். கூடக்கூடத் தவிடு அதிகம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் 405 போதும். ஆனால் பச்சையாகக் குழைக்கக் கூடாது. துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூட்டோடு உடைத்து அரித்தெடுக்க வேண்டும். அவிக்கும்போது மாவில் இழுபடும் தன்மையைத் தருகின்ற புரதம் இறுகிவிடுவதால், தண்ணீர் விட்டுக் குழைத்தாலும் ரொட்டி மாப்போல இழுபடாது. ரவை வாங்கும்போது ஹார்ட்வைற்ஸன் என்று எழுதியதைத் தேடுங்கள். மற்றது உப்புமாவில் களியாகிவிடும்.

தெற்கு ஜேர்மனியில், முக்கியமாக ஷ்வாபன் பகுதியில், ஷ்பெற்ஸ்லே என்றொரு சாப்பாடு உண்டு. மாவையும் முட்டையையும் குழைத்து, கைப்பிடி கொண்ட ஓர் உரலில் இட்டுக் கொதிநீருக்குள் பிழிவார்கள். அந்த உரலைப் பார்க்கும் எவருக்கும் நமது இடியப்ப உரல் நினைவுக்கு வரும். துளைகள் பெரியவை என்பதால் இடியப்பத்துக்கு அது உதவாது. என்றாலும் அயல்வீட்டு ஜேர்மன் அம்மாவுடன் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. உங்கள் உரலை அவருக்குக் காட்டுங்கள், அவருடையதைப் பார்த்து வாருங்கள்.

சட்டி பானை வாங்குமுன் வீட்டு அடுப்பு எந்த வகை என்று பாருங்கள். இன்டக்ஷன் அடுப்பாயின், காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள பாத்திரம்தான் சூடாகும். அலுமினியத் தாச்சியும் மண்சட்டியும் அதில் பயன்படா. கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டுபோனால் பணம் வீணாகாது.

"கிஃப்ட்" என்றால் நஞ்சு

ஆங்கிலத்தில் பரிசுப் பொருளைக் குறிக்கும் இந்தச் சொல்லுக்கு ஜேர்மன் மொழியில் நஞ்சு என்பது பொருள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

காட்டிலும் பூங்காவிலும் கீரையும் காளானும் இலவசமாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். 2015 இலையுதிர் காலத்தில், புதிதாக வந்த அகதிகள் பலர் காட்டில் காளான் பறித்துச் சமைத்து உண்டு, ஹனோவர் உட்படப் பல நகரங்களில் ஆபத்தான நிலையில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இங்குள்ள க்னொலன்பிளெற்றர் என்ற நச்சுக் காளான், அவர்கள் ஊரில் உண்ணும் நல்ல காளானைப் போலவே தோற்றமளித்ததுதான் காரணம். சமைத்தாலும் இதன் நஞ்சு அழியாது. உண்டு பல மணி நேரத்தின் பின்னரே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பிறகு சுகமானது போலத் தோன்றும். அவ்வேளையில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

வசந்த காலத்தில் பறிக்கப்படும் பேர்லௌக் இலை உள்ளியின் மணமுள்ளது. அதே தோற்றமுடைய மைக்ளொக்ஷன் இலை கடும் நஞ்சு. முதலில் பறித்த இலையின் மணம் கையில் ஒட்டிக்கொள்வதால், அடுத்த இலையை முகர்ந்து பார்த்து முடிவு செய்யவும் முடியாது. இவற்றைக் கடையில் வாங்குவதே நல்லது. றபார்பர் என்ற புளிப்புத் தண்டைச் சமைக்கலாம். ஆனால் அதன் அகன்ற இலை கீரை அல்ல, உண்ணக் கூடாது.

சந்தேகமான எதையாவது உண்டுவிட்டால், நோய்க்குறி வரும்வரை காத்திராமல் நச்சுத் தகவல் நிலையத்துக்கு, அதாவது கிஃப்ட்நோட்றூவ் என்பதற்கு, தொலைபேசி எடுங்கள். உயிராபத்து என்றால் 112. மிஞ்சிய உணவையும் காளான் துண்டுகளையும் எறியாமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது

உணவகத்தில் மேசையில் தண்ணீர் தானாக வராது. கேட்டால் போத்தல் தண்ணீர் வரும், அதற்குப் பணம் உண்டு. குழாய்த் தண்ணீர் வேண்டுமானால் "லைற்றுங்ஸ்வாசர்" என்று கேளுங்கள்; தருவதும் தராததும் அவர்கள் விருப்பம். பணம் கொடுக்கும்போது "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்பார்கள். விருந்துக்கு அழைத்தவரே கொடுப்பது நம் வழக்கம். இங்கு நண்பர்கள் தத்தம் பங்கைக் கொடுத்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சைவ உணவுக்காரரும் விரதம் பிடிப்போரும் சில சொற்களைப் பாடமாக்க வேண்டும். ஷ்பெக், ஷ்மால்ற்ஸ் இரண்டும் பன்றிக் கொழுப்பு. உருளைக்கிழங்குப் பொரியலிலும் கோவாவிலும்கூட இவை கலந்திருக்கும். பிள்ளைகள் விரும்பும் கரடி உருவ இனிப்புகளில் ஜெலற்றீன் உண்டு. பெரும்பாலும் அது பன்றித் தோலிலிருந்து எடுக்கப்படுவது. வீட்டில் இவற்றைத் தவிர்ப்பவர்கள் பாலர் பாடசாலை ஆசிரியையிடம் முதல் கிழமையிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவராது. பிள்ளையும் தானாகச் சொல்லாது. கச்சான், பால், முட்டை போன்றவை ஒத்துவராத பிள்ளையாயின் உணவகத்தில் தயங்காமல் கேளுங்கள். ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்கள் எந்த உணவில் உண்டு என்ற விபரத்தை வாடிக்கையாளருக்குத் தருவது 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சட்டப்படி கட்டாயம்.

வீட்டில் ஒரு கொப்பியை எடுத்து, வாங்கும் ஒவ்வொரு புதுப் பொருளின் ஜேர்மன் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சமைத்த முறையையும் எழுதி வையுங்கள். ஜேர்மன் பெயரைப் பிள்ளைகள் எழுதட்டும். தமிழ்ப் பெயரை அம்மம்மா சொல்லட்டும். நோக்கோல் போல இன்னும் எத்தனையோ மரக்கறிகள் இங்கு வேறு பெயரில் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் கண்டுபிடித்ததைச் சமையல் முறையோடு எமக்கு எழுதியனுப்புங்கள். அடுத்து வரும் குடும்பத்துக்கு அது உதவும்.