கள்ளச்சாவிக்கு ஒரு அலாரம்

சிராங்கூன் ரோட்டு மளிகைக்கடைகளில் பொன்னி அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். சிங்கப்பூரில் நெல்வயல் கிடையாது. ஆனாலும் நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோயில் ஒரு முக்கியமான முடிச்சு அவிழ்ந்தது இங்கேதான். தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்தில் யின் ஜோங்சாவ் குழு கண்டது 2005-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஒரு தே சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

இலையோர நீர்த்துளைகள் வழியாகவோ காயம் வழியாகவோ கிருமி உள்ளே நுழைகிறது. இலை நுனியிலிருந்து ஓரமாகவே மஞ்சளாகிக் காயும். சந்தேகம் இருந்தால் இலையை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போலக் கலங்கல் இழையோடும். அத்தனையும் பாக்டீரியா.

கிருமி செல்லுக்குள் போவதில்லை. வெளியே இருந்தபடியே நுண்குழாய் வழியாகத் தன் புரதங்களை உள்ளே செலுத்துகிறது. அவற்றில் ‘டேல்’ என்ற வகை நேராக உட்கருவுக்குப் போய், டிஎன்ஏவில் தனக்கான எழுத்து வரிசையைத் தேடிப் பிடித்து, பக்கத்து மரபணுவை முடுக்கிவிடும். பல சமயம் அது சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே விடும் மரபணு. கிருமிக்கு வீடு தேடி வரும் சாப்பாடு!

இனிதான் வேடிக்கை. எக்ஸ்ஏ27 என்ற எதிர்ப்பு மரபணு ஒரைசா மைனுட்டா என்ற காட்டு நெல்லிலிருந்து வந்தது. நோயில் விழும் ரகத்திலும் அந்த மரபணு இருக்கிறது, அது தரும் புரதமும் அச்சு அசல் அதேதான். வித்தியாசம் மரபணுவுக்கு முன்னால் உள்ள இயக்குபகுதியில். தாங்கும் ரகத்தில் மட்டும் டேல் புரதம் பிடித்துக்கொள்ளும் வரிசை அங்கே இருக்கிறது. பிடித்ததும் எக்ஸ்ஏ27 விழித்துக்கொள்ளும், தொற்று அங்கேயே முடங்கும். திருடன் கள்ளச்சாவி போடும் பூட்டிலேயே நெல் அலாரத்தை இணைத்து வைத்திருக்கிறது.

பூட்டையே மாற்றிவிடுவதும் உண்டு. எக்ஸ்ஏ13 எதிர்ப்பு வடிவத்தில் சர்க்கரை மரபணுவின் இயக்குபகுதி மாறியிருப்பதால் சாவி சேராது. நம்மவர்கள் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பிபிடி 5204-ல் இதையும் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ21 இரண்டையும் ஒட்டுமொத்தமாக ஏற்றி, ஹைதராபாத் ஆய்வு நிறுவனங்கள் 2008-ல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டன.

மூன்று எதற்கு? ஒன்றை மட்டும் நம்பினால் கிருமி தன் புரதத்தை மாற்றிக்கொண்டு நழுவிவிடும். எக்ஸ்ஏ21 வேறு ரகம்: செல்லின் மேற்பரப்பிலேயே நின்று, கிருமி வெளியே விடும் சிறு புரதத்துண்டை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடும். ஆக, ஒரு காவலை ஏமாற்றினாலும் அடுத்ததில் மாட்டிக்கொள்ளும்.