யாங்கூன் – சென்னை: கடல் தாண்டினா ஊர்தான், ஆனா…

சென்னையிலிருந்து டெல்லி எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் யாங்கூனும். நேர்கோட்டில் சுமார் 1,770 கிலோமீட்டர். நம்ம தாத்தாக்கள் ரங்கூன் கப்பலில் நாட்கணக்கில் கடந்த வங்கக் கடலை, நேரடி விமானம் மூணு மணி நேரத்துக்குள் தாண்டிடும்.

நேரடி விமானம் இல்லாத நாளில்தான் கணக்கு மாறுது. பாங்காக் வழியா போனா சுமார் 2,840 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியா 4,800-க்கும் மேல. காத்திருப்பும் சேர்ந்தா அரை நாள், சில சமயம் ஒரு நாளே போயிடும். ஊர்ல ஒரு சாவுன்னா, கடைசியா முகம் பார்க்க முடியுமா என்பதை அந்த நேரம்தான் முடிவு செய்யுது.

அவசரத்துல டிக்கெட் போடும்போது ரெண்டு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள் இருக்கு. இறங்குற இடமும் ஏறுற இடமும் ஒண்ணுதானான்னு பாருங்க. வேற வேறன்னா, தாய்லாந்துக்குள் நுழைந்து, ஊரைக் கடந்து போகணும்.

ரெண்டு, டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இந்தியாவைவிட யாங்கூன் ஒரு மணி நேரம் முன்னால். பாங்காக் ஒன்றரை மணி நேரம். அதனால சென்னைக்கு வரும்போது பயணம் குறைவா தெரியும், திரும்பும்போது கூடுதலா தெரியும். புறப்படும் நேரத்தை வைத்து மட்டும் கணக்குப் போடாதீங்க. மொத்தப் பயண நேரத்தைப் பார்த்துட்டு, ஊருக்குச் சொல்லுங்க.