பொதிகையில் ஒரு நீர்க்கடுப்பு

பொதிகை என்றவுடன் அகத்தியரும் தென்றலும் நினைவுக்கு வருதல் தமிழர் வழக்கம். எனக்கோ நீர்க்கடுப்பு நினைவுக்கு வருகிறது. சிரிக்க வேண்டாம், நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடத்தில் ஏறப் பெண்களுக்கு வழி பிறந்தது, நீதிமன்றத் தீர்ப்பிற்குப் பின், 2019 சனவரியில்தான். தோழியர் மூவரோடு நானும் சென்றேன். போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாமிற்கு ஒரு நாள் நடை. முன்னும் பின்னும் ஆடவர். புதருக்குள் ஒதுங்கலாம் என்றால் யானை அச்சம். ஆகவே ஓர் உபாயம் செய்தேன். காலை முதல் தண்ணீரே குடிக்கவில்லை. வெளியூர்ப் பேருந்தில் ஏறும் நம் பெண்கள் அனைவரும் கையாளும் அதே உபாயந்தான்!

அன்றிரவு கால்மணிக்கு ஒருமுறை எழ வேண்டியதாயிற்று. சொட்டுச் சொட்டாக, நெருப்பாக எரிந்தது.

காரணம் எளிது. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவே பெரும்பாலும் இந்நோயை உண்டாக்குகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே, ஆண்களுக்கோ 20 செ.மீ. ஆகவே கிருமி நம் சிறுநீர்ப்பைக்கு விரைவில் ஏறிவிடுகிறது. அதை அடித்து வெளியேற்றுவது சிறுநீரின் ஓட்டமே. நீரும் அருந்தாமல், வந்ததையும் அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி இந்நோய் கண்ட, குறைவாக நீர் அருந்தும் 140 பெண்களில் பாதிப்பேர் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்கு நோய் சராசரி 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை.

காட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தொற்று சிறுநீர்ப்பையில் மட்டுமா, சிறுநீரகத்திற்கும் ஏறிவிட்டதா? காய்ச்சல், நடுக்கம், விலாப்புற வலி, வாந்தி இவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதமின்றி மலையிறங்க வேண்டும். இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றோரும் நீரிழிவு உள்ளோரும் இக்குறிகளுக்காகக் காத்திருத்தல் கூடாது.

எனக்குக் காய்ச்சல் இல்லை. ஒருத்தி தொண்டைப் புண்ணுக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலினை நீட்டினாள். கை நீண்டது உண்மை; ஆனால் அம்மருந்துக்கு அடங்காத ஈ. கோலை நம் நாட்டில் மலிந்துவிட்டது என்று வகுப்பில் கேட்டது தடுத்தது. கொதித்து ஆறிய நீரை நிறையக் குடித்தேன். வலிக்குப் பாராசிட்டமால் ஒன்று. நீர்முள்ளிக் கஷாயமும் பார்லிக் கஞ்சியும் நன்றே. அவற்றோடு தண்ணீர் உள்ளே போகிறதல்லவா? கிருமியைக் கொல்லும் என நம்பி மருத்துவரைத் தவிர்ப்பதுதான் தவறு.

விடிந்ததும் வழிகாட்டியிடம் "வயிற்று வலி" என்றேன். உண்மையைச் சொல்ல நா எழவில்லை. தோழி ஒருத்தி சிகரத்தைத் துறந்து என்னோடு இறங்கினாள். வழியில் அவள்தான் அவரிடம் உள்ளதைச் சொன்னாள். அதன்பின் நான்கு முறை நின்றோம். நான்கு முறையும் அவர் வளைவைத் தாண்டிப் போய், முதுகைக் காட்டி நின்றார்.

சிறுநீரைச் சோதித்த மருத்துவர் நைட்ரோஃபியூரன்டாயின் ஐந்து நாளைக்குத் தந்தார். அது சிறுநீர்ப்பைத் தொற்றுக்கே உதவும். சிறுநீரகத் தொற்றுக்குப் போதாது. அடிக்கடி இந்நோய் காண்பவர்கள் பயணத்திற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு உரிய மருந்தை எழுதி வாங்கிச் செல்லலாம் என்றும் சொன்னார்.

தோழி இன்னும் சிகரத்தைக் காணவில்லை. அடுத்த பருவத்திற்கு இருவரும் விண்ணப்பிக்க இருக்கிறோம்.