மரபணுவழிப் பங்குனி ஆமைகளின் தாயகம் அறிதலும் பாதுகாப்பும்

முன்னுரை

தமிழகக் கடற்கரைக்கு முட்டையிட வரும் கடலாமைகளுள் எண்ணிக்கையில் மிகுந்தது பங்குனி ஆமை. பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரையிலான இரவுகளில் பெண் ஆமை கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். சென்னை, நாகப்பட்டினக் கடற்கரைகளில் இவை தனித்தனியே கரையேறுகின்றன. ஒடிசாவின் ககிர்மாதா, ருசிகுல்யா ஆகிய இடங்களிலோ இலட்சக்கணக்கில் ஒருசேரக் கரையேறுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு கூட்டங்களா, ஒரே கூட்டத்தின் இருவேறு வழக்கங்களா என்னும் வினா, பாதுகாப்பின் எல்லையை எங்கே வரைவது என்பதோடு தொடர்புடையது. இவ்வினாவுக்கு மரபணுவியல் அளிக்கும் விடையை இக்கட்டுரை விளக்குகின்றது.

மரபணு காட்டும் தாய்வழி

ஆமையின் துடுப்பில் உலோக வில்லை பொருத்தி அதன் பயணத்தை அறிவது பழைய முறை. ஒடிசாவில் வில்லையிடப்பெற்ற ஆமைகள் தென்தமிழகக் கடலிலும் இலங்கைக் கடலிலும் கிடைத்துள்ளன. ஆயினும் உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு முதிர்ச்சியடையப் பத்தாண்டுகளுக்கும் மேலாகும். அதற்கு இடும் வில்லை அதுவரை நிலைப்பதரிது. எனவே வில்லை, ஆமை சென்ற இடத்தைச் சொல்லுமேயன்றி அதன் பிறப்பிடத்தைச் சொல்வதில்லை.

இக்குறையை மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. நிறைவு செய்கின்றது. இது தாயிடமிருந்து மட்டுமே சேய்க்குச் செல்வது. பெண் ஆமைகள் தாம் பிறந்த கடற்கரைப் பகுதிக்கே முட்டையிடத் திரும்பும் இயல்புடையவை. ஆகவே, தலைமுறைதோறும் ஒரே கரைக்குத் திரும்பும் தாய்வழியில் அக்கரைக்கே உரிய மரபணு வடிவங்கள் நிலைபெறுகின்றன. தோலின் சிறு துணுக்கோ, இறந்த ஆமையின் திசுவோ இச்சோதனைக்குப் போதுமானது.

இந்தியக் கிழக்குக் கடற்கரை ஆய்வு

கார்த்திக் சங்கர், லால்ஜி சிங் உள்ளிட்டோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முதன்மையானது. அதன் முடிவுகள் மூன்று. முதலாவது, இந்தியக் கிழக்குக் கடற்கரையின் பங்குனி ஆமைகள் தம்முள் பிரிவற்ற ஒரே கூட்டம். இரண்டாவது, அவற்றுள் ஏறத்தாழ 96 விழுக்காடு, வேறெங்கும் காணப்படாத மரபணு வடிவங்களைக் கொண்ட தனிக்கிளையைச் சார்ந்தவை. அண்மையிலுள்ள இலங்கைக் கூட்டமும் இதனின்று வேறுபட்டது. மூன்றாவது, உலகின் பிற பெருங்கடல்களில் வாழும் பங்குனி ஆமைகளுக்கு இந்தியப் பெருங்கடல் கிளைகளே மூதாதையாக இருத்தல் கூடும்.

இலங்கைக் கடலில் நம் ஆமைகள் நீந்துவதும், இலங்கைக் கூட்டம் வேறுபட்டிருப்பதும் முரணல்ல. இரை தேடும் கடல் பொதுவாயினும் முட்டையிடும் கரை வேறு.

பாதுகாப்புக்கான பயன்

இம்முடிவுகளின்படி, சென்னைக் கரையில் இறந்து ஒதுங்கும் ஆமை தமிழகத்தின் இழப்பு மட்டுமன்று. ஒடிசாக் கூட்டத்தின் இழப்புமாகும். இக்கூட்டம் அழியின் இலங்கையிலிருந்தோ பிற கடல்களிலிருந்தோ வரும் ஆமைகள் அவ்விடத்தை விரைவில் நிரப்பும் என எதிர்பார்த்தற்கில்லை.

2025 சனவரியில் சென்னையிலும் அதனையடுத்த கடற்கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை இழுவலையில் சிக்கினால் மேலெழ இயலாது மூழ்கி இறக்கும். கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை அமைகின்றது. முட்டையிடும் பருவமோ அதற்கு முன்னரே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. ஆதலின், அம்மாதங்களில் கரையோர இழுவலைக் கட்டுப்பாடும், வலையில் ஆமை வெளியேறும் வழி அமைத்தலும் இன்றியமையாதன. முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் பணி போற்றத்தக்கதே. எனினும் முதிர்ந்த பெண் ஆமைகளின் சாவை அது மட்டும் ஈடுசெய்யாது.

முடிவுரை

தாய்வழி மரபணு ஆண் ஆமைகளின் பங்களிப்பை உணர்த்துவதில்லை. அதற்கு உட்கரு டி.என்.ஏ. ஆய்வு துணை வேண்டும். இவ்வரம்புக்குட்பட்டும் மரபணுச் சான்று தெளிவாக உரைப்பது ஒன்று: மாநில எல்லை நமக்குரியது, ஆமைக்குரியதன்று. இறந்து ஒதுங்கும் ஆமைகளின் திசுக்களை முறையாகச் சேகரித்து ஆராய்வதும், தமிழகம், ஆந்திரம், ஒடிசா ஆகிய மாநிலங்கள் ஒரே பாதுகாப்புத் திட்டத்தை வகுப்பதும் உடனடித் தேவைகளாகும்.